இடுப்பு மாற்றுமூட்டு எதனால் ஆனது? தேய்மானம் பற்றி நாம் அறிந்திருக்க வேண்டியவை

எங்கள் பக்கத்தில் இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை இப்போது புதினமான விடயமல்ல. ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று எந்த ஊருக்குப் போனாலும் 'இடுப்புக்குப் பந்து மாற்றினவர்' என்று அடையாளம் சொல்லப்படும் ஒருவர் இருப்பார். கிணற்றடியில் வழுக்கி விழுந்தவர், வயலிலும் வரம்பிலும் நாற்பது வருடம் உழைத்து மூட்டுத் தேய்ந்தவர், நீண்டகாலம் ஸ்டீரொயிட் மருந்து பாவித்ததால் தொடை என்பின் தலைக்கு இரத்த ஓட்டம் நின்றுபோனவர் என்று காரணங்கள் பலவிதம். மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ போய்ச் செய்துகொண்டு வருகிறார்கள். நோவின்றி நடக்கிறார்கள். 2007ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையொன்று இதனை 'நூற்றாண்டின் சத்திரசிகிச்சை' என்றே அழைத்தது. அது மிகையல்ல.

ஆனால் சத்திரசிகிச்சைக்கு முன்னர் குடும்பத்தவரிடம் ஒரு கேள்வி வருகிறது. பிளாஸ்ரிக் போடுவதா, செரமிக் போடுவதா? ஒன்று விலை குறைவு, மற்றது கூட. எது எத்தனை வருடம் தாங்கும்? பெரும்பாலானோர் 'விலை கூடியது நல்லதாகத்தான் இருக்கும்' என்றோ, 'நீங்களே பார்த்துச் செய்யுங்கோ டொக்டர்' என்றோ பதில் சொல்லிவிடுகிறார்கள். நான் வைத்தியனல்ல, விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியன். எனது பெரியம்மாவின் இடுப்பு மூட்டு இரண்டாவது தடவை திறக்கப்பட வேண்டி வந்தபோதுதான் இந்த விடயங்களைத் தேடிப் படித்தேன். அதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் உள்ளே வைக்கப்படுவது என்ன என்று பார்ப்போம்.

நான்கு பாகங்கள்

முழு இடுப்பு மாற்றுமூட்டில் பொதுவாக நான்கு பாகங்கள் உண்டு. தொடை என்பின் உட்குழிக்குள் இறங்கும் தண்டு, அதன் உச்சியில் பொருத்தப்படும் பந்து, இடுப்பென்பில் பதிக்கப்படும் உலோகக் கிண்ணம், அந்தக் கிண்ணத்துக்குள் பந்து சுழல்வதற்காக வைக்கப்படும் உட்கவசம். சில வகைகளில் கிண்ணமும் உட்கவசமும் ஒரே பிளாஸ்ரிக் துண்டாக இருக்கும். அது என்புச் சீமெந்தால் ஒட்டப்படும்.

தண்டும் கிண்ணமும் பெரும்பாலும் டைட்டேனியம் கலப்புலோகத்தாலோ, கோபால்ட் குரோமியம் கலப்புலோகத்தாலோ, துருப்பிடிக்காத உருக்காலோ ஆனவை. அவை என்போடு அசையாமல் இருக்க வேண்டியவை. தேய்மானத்தைத் தீர்மானிப்பது பந்தும் உட்கவசமும் என்ற சோடிதான். உலோகப் பந்தும் பிளாஸ்ரிக் கவசமும், செரமிக் பந்தும் பிளாஸ்ரிக் கவசமும், செரமிக்கில் செரமிக், உலோகத்தில் உலோகம் என நான்கு சோடிகள் வரலாற்றில் முக்கியமானவை. ஆகவே 'என்ன மூட்டு?' என்று கேட்பதைவிட 'எதன்மீது எது உராய்கிறது?' என்று கேட்பதே சரியான கேள்வி.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். முதியவர் விழுந்து தொடை என்பின் கழுத்து முறிந்தால் பல சமயங்களில் பந்துப் பகுதியை மட்டும் மாற்றுவார்கள். ஒஸ்டின் மூர், தொம்சன் என்ற பெயர்களில் அறியப்படும் உலோக மாற்றுப்பந்துகள் இவ்வகையின. இவற்றில் உலோகப் பந்து நோயாளியின் சொந்தக் குருத்தென்பின் மீதே சுழல்கிறது. காலப்போக்கில் தேய்வது அந்தக் குருத்தென்புதான். அதிகம் நடமாடாத, வயது முதிர்ந்தவருக்கு அது போதுமானதாக இருக்கலாம். அறுபது வயதில் தினமும் வயலுக்குப் போகிறவரின் நிலை வேறு.

தூளால் வரும் வினை

அம்மியில் அரைக்கும்போது கல் தேய்கிறது. கல் மெலிந்து உடைவதற்கு ஒரு தலைமுறை பிடிக்கும். ஆனால் புதிதாகக் கொத்திய அம்மியில் அரைத்த சம்பலில் முதல் நாளே கல்துகள் பல்லில் படும். மாற்றுமூட்டின் கதையும் இதுதான். பிளாஸ்ரிக் கவசம் ஓட்டை விழும்வரை தேய்ந்து பழுதாவது குறைவு. அதற்கு வெகுகாலம் முன்னரே, தேய்ந்து உதிரும் தூள் வேலையைக் காட்டத் தொடங்கிவிடுகிறது.

இந்தத் தூளின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாதது. ஒரு மைக்ரோமீற்றரிலும் சிறியது, அதாவது ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் பங்கிலும் குறைவு. உடலின் துப்புரவுக் கலங்கள் கிருமியை விழுங்குவது போல இதையும் விழுங்குகின்றன. ஆனால் பிளாஸ்ரிக்கைச் செரிக்க அவற்றால் முடியாது. அதனால் அவை அழற்சியைத் தூண்டும் இரசாயனங்களைச் சுரக்கின்றன. அந்த இரசாயனங்கள் என்பைக் கரைக்கும் கலங்களைத் தட்டியெழுப்புகின்றன. கடைசியில் மாற்றுமூட்டைத் தாங்கி நிற்கும் என்பே அரிக்கப்படுகிறது. தண்டோ கிண்ணமோ தளர்கிறது. இதனை என்பரிப்பு எனலாம்.

ஆய்வுகூடங்களில் ஒரு வருட நடையைச் சுமார் பத்து இலட்சம் சுழற்சிகளாகக் கணக்கிடுகிறார்கள். இத்தனை சுழற்சியில் கவசம் எவ்வளவு தேய்கிறது என்பதே அளவுகோல். வருடத்துக்கு 0.1 மில்லிமீற்றருக்கு மேல் தேய்ந்தால் என்பரிப்புக்கான வாய்ப்பு அதிகம், 0.05 மில்லிமீற்றருக்குக் கீழே இருந்தால் அது மிக அரிது. ஒரு கடதாசியின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். வருடத்துக்கு ஒரு கடதாசித் தடிப்பா, அரைக் கடதாசித் தடிப்பா என்பதில்தான் ஒருவரின் இருபது வருட எதிர்காலம் தங்கியிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விடயம், என்பரிப்பு ஆரம்பத்தில் நோவதில்லை. எக்ஸ்ரேயில் கருநிழலாகத் தெரியும். நோயாளி நன்றாகவே நடந்துகொண்டிருப்பார். நோவு தொடங்கும்போது மூட்டு ஏற்கனவே தளர்ந்திருக்கக் கூடும்.

டெஃப்லோன் கற்பித்த பாடம்

மூட்டுக்கு ஏற்ற பொருளைத் தேடிய வரலாறு நீண்டது. 1891இல் பேர்லினில் தெமிஸ்டொக்கிள்ஸ் குளுக் என்பவர் தந்தத்தால் செய்த மூட்டைப் பொருத்தினார். நமக்கு அருகே, மியன்மாரின் மண்டலேயில் சான் பௌ என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1960 முதல் யானைத் தந்தத்தில் செதுக்கிய மாற்றுப்பந்துகளைப் பயன்படுத்தினார். 1938இல் லண்டனில் பிலிப் வைல்ஸ் உருக்கில் முழு மூட்டு செய்து பார்த்தார்.

இன்றைய மூட்டின் தந்தை என்று கருதப்படுபவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் பணியாற்றிய ஜோன் சார்ன்லி. உராய்வு குறைந்த பொருள் வேண்டும் என்று எண்ணிய அவர், 1950களின் இறுதியில் டெஃப்லோனைத் தெரிவு செய்தார். நாம் ஒட்டாத தாச்சியில் காணும் அதே டெஃப்லோன். ஆரம்ப முடிவுகள் அற்புதமாக இருந்தன. வருடக்கணக்கில் நோவோடு கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். சுமார் 300 பேருக்கு அந்தக் கிண்ணங்கள் பொருத்தப்பட்டன. மூன்று நான்கு வருடங்களில் கதை மாறியது. டெஃப்லோன் வேகமாகத் தேய்ந்தது. உதிர்ந்த தூள் மூட்டைச் சுற்றிக் கட்டிகளை உண்டாக்கியது. அந்தத் தூளை உடல் எப்படி எதிர்கொள்கிறது என்பதை அறிய சார்ன்லி அதைத் தன் சொந்தத் தொடைக்குள் வைத்துப் பார்த்தார். அங்கும் கட்டி எழுந்தது. பொருத்திய கிண்ணங்களை ஒவ்வொன்றாக அவரே கழற்ற வேண்டியிருந்தது.

வழி ஒரு நெசவாலைப் பொருளிலிருந்து வந்தது. 1962 மே மாதத்தில், லங்காஷயர் நெசவு இயந்திரங்களுக்குப் பற்சக்கரம் விற்க வந்த ஒரு விற்பனையாளர், உயர் மூலக்கூற்று நிறை கொண்ட பொலிஎதிலீன் துண்டொன்றைச் சார்ன்லியின் தொழில்நுட்பவியலாளர் ஹரி கிரேவனிடம் கொடுத்தார். சார்ன்லி அதைப் பொருட்படுத்தவில்லை. கிரேவன் மட்டும் அதைத் தேய்மானப் பரிசோதனை இயந்திரத்தில் பூட்டி இரவு பகலாக ஓடவிட்டார். மூன்று வாரத்தில் அது தேய்ந்த அளவு, டெஃப்லோன் ஒரே நாளில் தேய்ந்த அளவைவிடக் குறைவாக இருந்தது. அதே வருடம் நவம்பரில் பொலிஎதிலீன் கிண்ணம் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டது. 22 மில்லிமீற்றர் அளவான சிறிய உருக்குப் பந்து, பொலிஎதிலீன் கிண்ணம், என்புச் சீமெந்து என்ற அந்த அமைப்பின் வழித்தோன்றல்கள்தான் இன்றும் உலகெங்கும் பாவனையில் உள்ளன.

இதில் ஒரு பாடம் உண்டு. உராய்வு குறைவு என்பதும் தேய்மானம் குறைவு என்பதும் ஒன்றல்ல. அடுத்தது, முதல் இரண்டு வருடங்களில் நன்றாக இருப்பது எதையும் நிரூபிப்பதில்லை.

ஒரே பிளாஸ்ரிக், பல தலைமுறைகள்

'பிளாஸ்ரிக்' என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்கத் தேவையில்லை. மூட்டில் பயன்படுவது மிக நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைக் கொண்ட தனிவகைப் பொலிஎதிலீன். ஆனால் எல்லாப் பொலிஎதிலீனும் ஒன்றல்ல.

பழைய வகையைக் கிருமிநீக்கம் செய்யக் காமாக் கதிர் பாய்ச்சினார்கள். கதிர் மூலக்கூற்றுச் சங்கிலிகளை உடைக்கிறது. பொதியில் காற்று இருந்தால், உடைந்த முனைகளை ஒட்சிசன் பற்றிக்கொள்கிறது. வெயிலில் கிடந்த பிளாஸ்ரிக் வாளி சில வருடத்தில் வெளிறி நொறுங்குவது போல, அந்தக் கவசம் பெட்டிக்குள் இருக்கும்போதே மெல்ல மெல்லப் பலமிழக்கத் தொடங்கிவிடும். இதைப் புரிந்துகொண்ட பின்னர், ஒட்சிசன் இல்லாத பொதிகளில் கிருமிநீக்கம் செய்யும் முறைக்கு நிறுவனங்கள் மாறின.

1990களின் இறுதியில் அடுத்த பாய்ச்சல் வந்தது. கூடிய அளவு கதிரைத் திட்டமிட்டுப் பாய்ச்சினால் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைகின்றன. பாயில் நெடுக்கு ஓலை மட்டும் இருந்தால் இலகுவில் பிரியும். குறுக்கு ஓலையும் பின்னியிருந்தால் பிரியாது. அது போலத்தான் இதுவும். பின்னர் சூடாக்கி, ஒட்சிசனைப் பற்றக்கூடிய உடைந்த முனைகளை நீக்குகிறார்கள். அமெரிக்காவின் மசசூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் வில்லியம் ஹரிஸ் தலைமையிலான குழு இதில் முன்னோடியாக இருந்தது. இந்தக் குறுக்குப்பிணைப்புப் பொலிஎதிலீன் தேய்மானத்தைப் பல மடங்கு குறைத்தது. அவுஸ்திரேலியத் தேசிய மூட்டுப் பதிவேட்டிலும் பழைய வகையைவிட இதற்கு மீள்சத்திரசிகிச்சை தெளிவாகக் குறைவு. 2000களின் பிற்பகுதியில் விற்றமின் ஈ சேர்க்கப்பட்ட வகையும் வந்தது. அது ஒட்சியேற்றத்தைத் தடுப்பதற்கானது.

ஆகவே இன்று 'பிளாஸ்ரிக்' என்று சொல்லப்படும்போது கேட்க வேண்டியது, அது குறுக்குப்பிணைப்புப் பொலிஎதிலீனா என்பதுதான்.

பொதியின் முக்கியத்துவம் பழங்கதையல்ல. அமெரிக்க நிறுவனமான எக்ஸாக்டெக், 2021, 2022ஆம் ஆண்டுகளில் தனது இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டுகளின் பொலிஎதிலீன் பாகங்களைத் திரும்பப் பெற்றது. 2004 முதல் பயன்படுத்திய வெற்றிடப் பைகள் பலவற்றில் ஒட்சிசனைத் தடுக்கும் ஒரு படை இல்லாதிருந்ததே காரணம். மூட்டின் வடிவம் சரி, பொருள் சரி; சுற்றிய பை சரியில்லை. வெப்பமும் ஈரப்பதனும் நிறைந்த எங்கள் நாட்டில் இந்தப் பெட்டிகளின் காலாவதித் திகதியும் களஞ்சிய நிலைமையும் கவனிக்கப்பட வேண்டியவை என்பதை இது நினைவூட்டுகிறது.

செரமிக்

பிரான்சின் போ நகரில் பியேர் புத்தான் என்பவர் 1970இல் அலுமினா செரமிக் மூட்டை முதன்முதலில் பொருத்தினார். செரமிக் மிகக் கடினமானது, கீறல் விழாது, மேற்பரப்பில் ஈரம் நன்கு படியும். செரமிக்கில் செரமிக் சுழலும் சோடியில் தேய்மானம் மிக மிகக் குறைவு. உதிரும் தூளும் உடலுக்குக் குறைந்த தொந்தரவே தருகிறது.

பலவீனம், கடினமான பொருட்கள் எல்லாவற்றுக்கும் உள்ள பலவீனம்தான்: வளையாது, உடையும். 2001இல் பிரான்சில் தயாரான சேர்கோனியா செரமிக் பந்துகள் சில உடலுக்குள் வழமையைவிட அதிகமாக உடைந்தன. உற்பத்தியில் சூளையை மாற்றியதே காரணம் எனக் கண்டறியப்பட்டு அவை திரும்பப் பெறப்பட்டன. இன்று பரவலாக உள்ள இளஞ்சிவப்பு நிறச் செரமிக், அலுமினாவுக்குள் சேர்கோனியாவைக் கலந்து உறுதியாக்கியது. அதன் பந்து உடைவது மிக அரிது. செரமிக்கில் செரமிக் சோடியில் சிலருக்கு நடக்கும்போது கதவுக் கீல் போன்ற கிறீச்சொலி கேட்பதுண்டு. கிண்ணம் வைக்கப்பட்ட கோணமும் இதற்கு ஒரு காரணம்.

செரமிக் உடைந்துவிட்டால் அதன் சில்லுகள் மூட்டுக்குள் தங்கும். அந்த இடத்தில் மறுபடி உலோகப் பந்தை வைத்தால் சில்லுகள் அதை அரம் போலத் தேய்க்கும். ஆகவே முன்னர் இருந்தது செரமிக்தானா என்பதை அறிந்தே அடுத்த மூட்டைத் தெரிவு செய்ய வேண்டும்.

செரமிக் பந்தும் குறுக்குப்பிணைப்புப் பொலிஎதிலீன் கவசமும் என்ற கலப்புச் சோடி இன்று பல நாடுகளில் பெரிதும் விரும்பப்படுகிறது. தேய்மானமும் குறைவு, கவசம் உடையும் பயமும் இல்லை.

உலோகத்தில் உலோகம்: இந்தியாவின் 4,700 பேர்

இளவயதினருக்குத் தேயாத மூட்டு வேண்டும் என்ற எண்ணத்தில் 1990களின் இறுதியிலிருந்து உலோகத்தில் உலோகம் சுழலும் மூட்டுகள் மீண்டும் எழுச்சி பெற்றன. கணக்கு எளிமையாகத் தோன்றியது. உலோகம் கடினம், தேய்மானம் கனவளவில் குறைவு, பந்தைப் பெரிதாகச் செய்யலாம், பெரிய பந்து இலகுவில் கழன்றுவிடாது.

ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனத்தின் துணை நிறுவனமான டிபியூ தயாரித்த ஏஎஸ்ஆர் என்ற மூட்டு 2003இல் சந்தைக்கு வந்தது. அதன் கிண்ணம் அரைக்கோளத்தைவிட ஆழம் குறைந்தது. பொருத்தும் கோணம் சற்றுப் பிசகினாலும் பந்து கிண்ணத்தின் விளிம்பில் உராய்ந்தது. கோபால்ட், குரோமியம் துகள்கள் உதிர்ந்தன. அவை பிளாஸ்ரிக் தூளைவிட மிகச் சிறியவை. எண்ணிக்கையில் பல மடங்கு அதிகம். அவற்றிலிருந்து அயன்கள் கரைந்து இரத்தத்தில் கலந்தன. மூட்டைச் சுற்றிய தசை அழிந்தது, திரவக் கட்டிகள் தோன்றின. இரத்தத்தில் கோபால்ட் மிக உயர்ந்த சிலருக்கு இதயம், காது, கண், நரம்பு ஆகியவற்றிலும் பாதிப்புகள் பதிவாகின.

இதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு பதிவேடு. அவுஸ்திரேலியத் தேசிய மூட்டுப் பதிவேடு 2007இலேயே இந்த மூட்டுக்கு மீள்சத்திரசிகிச்சை வழமையைவிட அதிகம் எனக் காட்டியது. 2009 இறுதியில் அந்நாட்டில் விற்பனை நிறுத்தப்பட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டின் ஐந்து வருடத் தரவுகள் 12 முதல் 13 சதவீதமானோருக்கு மீள்சத்திரசிகிச்சை தேவைப்பட்டதைக் காட்டின. 2010 ஓகஸ்ட்டில் உலகெங்கும் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. 2013இல் அமெரிக்காவில் சுமார் 8,000 நோயாளிகளுக்காக ஏறத்தாழ 250 கோடி டொலர் இழப்பீட்டு உடன்படிக்கை எட்டப்பட்டது.

எங்கள் அயலில் நடந்தது வேறு. இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு இந்த மூட்டு வைக்கப்பட்டிருந்தது. இந்திய மத்திய சுகாதார அமைச்சு 2017 பெப்ரவரியில்தான், டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் முன்னாள் பீடாதிபதி அருண்குமார் அகர்வால் தலைமையில் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. 2018இல் வெளியான அதன் அறிக்கை குறைந்தது 20 இலட்சம் இந்திய ரூபா இழப்பீட்டைப் பரிந்துரைத்தது. அதன்பின் வந்த இன்னொரு குழுவின் கணிப்பில் அது 30 இலட்சம் முதல் 1.23 கோடி ரூபா வரை ஆனது. நிறுவனம் அதை நீதிமன்றத்தில் எதிர்த்தது. 2019 மே மாதத்தில், மீள்சத்திரசிகிச்சை செய்தவர்களென உறுதிப்படுத்தப்பட்ட 67 பேருக்குத் தலா 25 இலட்சம் ரூபா கொடுக்கத் தயார் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது.

4,700 பேரில் 67 பேர். மற்றவர்கள் எல்லோரும் நலமாக இருந்தார்கள் என்பது இதன் பொருளல்ல. 3,600 இற்கும் மேற்பட்டோர் எங்கிருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை என அகர்வால் குழு குறிப்பிட்டது. தங்கள் உடலுக்குள் இருப்பது திரும்பப் பெறப்பட்ட பொருள் என்பதை அறியாமலேயே அவர்களில் பலர் வாழ்ந்திருப்பார்கள். இரத்தத்தில் கோபால்ட் அளவைப் பார்க்க வேண்டும், லீற்றருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் மேலும் பரிசோதிக்க வேண்டும் என்று பிரித்தானிய ஒழுங்குபடுத்தல் அமைப்பு வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியது. எந்த மூட்டு வைத்திருக்கிறோம் என்று தெரியாதவருக்கு அந்த அறிவுறுத்தலால் என்ன பயன்?

பெரியம்மாவின் கோப்பு

எனது பெரியம்மாவுக்கு 2008இல் கொழும்பிலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலையில் இடது இடுப்பு மாற்றப்பட்டது. பதினொரு வருடம் குறையேதுமில்லை. கோயிலுக்குத் தனியாகவே நடந்து போய் வருவார். பிறகு கவட்டில் நோவு தொடங்கியது. கதிரையிலிருந்து எழும்பும்போது அதிகம். எக்ஸ்ரேயைப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர், கவசம் ஒருபக்கமாகத் தேய்ந்திருப்பதையும் கிண்ணத்துக்கு மேலே என்பில் நிழல் விழுந்திருப்பதையும் காட்டினார். தண்டு உறுதியாக இருந்தது. கவசத்தையும் பந்தையும் மட்டும் மாற்றினால் போதும்போலத் தெரிந்தது.

"எந்தக் கொம்பனியின்ர மூட்டு அம்மா? என்ன சைஸ்?" என்று கேட்டார்.

பெரியம்மாவின் கோப்பில் பற்றுச்சீட்டுகள் இருந்தன, மருந்துத் துண்டுகள் இருந்தன. வெளியேறும் அட்டையில் 'முழு இடுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சை' என்று மட்டும் இருந்தது. அந்த வைத்தியசாலையைத் தொடர்பு கொண்டபோது, அவ்வளவு பழைய கோப்புகள் கைவசம் இல்லை என்றார்கள்.

ஒரு நிறுவனத்தின் கவசம் இன்னொரு நிறுவனத்தின் கிண்ணத்தில் பொருந்தாது. பந்து அமரும் தண்டின் கூம்பும் அப்படித்தான். ஒரே எண்ணில் அழைக்கப்படும் கூம்புகள்கூட நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது மாறுபடும். பொருந்தாததைச் சேர்த்தால் அந்த இணைப்பிலேயே அரிப்பு ஏற்பட்டு உலோகம் கரையும். எக்ஸ்ரேயின் நிழலை வைத்து மூட்டை அடையாளம் காணவே நான்கு மாதம் போனது. கடைசியில் எதற்கும் ஆயத்தமாகப் போய், கிண்ணத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டியதாயிற்று. சிறிதாக முடிந்திருக்கக்கூடிய வேலை பெரிதானது. எழுபத்திரண்டு வயதில் அவர் ஆறு கிழமை பாரம் ஊன்றாமல் கிடந்தார்.

மூட்டு வரும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டுத்தாள்கள் உண்டு. நிறுவனத்தின் பெயர், பாகத்தின் பெயர், அளவு, பொருள், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி எல்லாம் அதில் இருக்கும். அதில் ஒன்று சத்திரசிகிச்சைக் குறிப்பில் ஒட்டப்படும். இன்னொன்றை நோயாளிக்குக் கொடுப்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

எத்தனை வருடம் தாங்கும்?

அவுஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் பதிவேடுகளைத் தொகுத்து 2019இல் 'லான்செட்' சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வின்படி, இடுப்பு மாற்றுமூட்டுகளில் 15 வருடத்தின் பின் சுமார் 89 சதவீதமும், 20 வருடத்தின் பின் சுமார் 70 சதவீதமும், 25 வருடத்தின் பின் சுமார் 58 சதவீதமும் மாற்றப்படாமல் இருந்தன. 25 வருடக் கணக்கு 1990களில் வைக்கப்பட்ட பழைய பொலிஎதிலீன் மூட்டுகளையும் சேர்த்தது. இன்றைய பொருட்களுக்கு அது இன்னும் நன்றாகவே இருக்கும் என எதிர்பார்க்கலாம்.

வயதும் முக்கியம். பிரித்தானிய ஆய்வொன்றில், எழுபது வயதுக்கு மேல் மூட்டு மாற்றியவர்களுக்கு வாழ்நாளில் மீள்சத்திரசிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம். ஐம்பதுகளின் ஆரம்பத்தில் மாற்றிய ஆண்களுக்கு அது 35 சதவீதம் வரை. ஆகவே எழுபத்தைந்து வயது அம்மாவுக்காகக் கடன்பட்டு விலை கூடிய செரமிக்கில் செரமிக் வைக்கத் தேவை பெரும்பாலும் இராது. நல்ல பதிவுள்ள உலோகப் பந்தும் குறுக்குப்பிணைப்புப் பொலிஎதிலீனும் அவருடைய ஆயுளுக்குப் போதுமானதாக இருக்கலாம். நாற்பத்தைந்து வயதுக்காரருக்குச் செரமிக் பந்துக்காகச் செலவழிப்பதில் நியாயம் உண்டு.

எங்கள் வாழ்க்கைமுறையையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நிலத்தில் சம்மணமிட்டு உட்காருபவரா, குந்தியிருக்கும் மலசலகூடமா, தொழுகையில் சுஜூது செய்பவரா, களத்தில் குனிந்து வேலை செய்பவரா என்பவை மேல்நாட்டுக் கையேடுகளில் இருக்காது. ஆழமாக மடக்கும்போது தண்டின் கழுத்து கவசத்தின் விளிம்பில் முட்டலாம். பந்து கழலலாம், விளிம்பும் தேயலாம். பந்தின் அளவையும் கிண்ணத்தின் கோணத்தையும் தீர்மானிக்கும்போது இது நிபுணருக்குத் தேவையான தகவல். பொருள் எவ்வளவு உயர்ந்ததானாலும் தவறான கோணத்தில் வைத்தால் தேயும்.

கேட்க வேண்டியவையும் செய்ய வேண்டியவையும்

சத்திரசிகிச்சைக்கு முன்னர்: பந்து எதனால் ஆனது, கவசம் எதனால் ஆனது என்று கேளுங்கள். பொலிஎதிலீன் என்றால் குறுக்குப்பிணைப்பு வகையா என்று கேளுங்கள். இந்த மாதிரி மூட்டு பத்து வருடத்துக்கு மேலாக ஏதாவது தேசியப் பதிவேட்டில் பின்தொடரப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். புதிய மாதிரி என்பது இங்கே ஒரு சிறப்பல்ல. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உருவான தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையே இலங்கையில் மருத்துவச் சாதனங்களைப் பதிவு செய்கிறது. வெளியே வாங்கச் சொன்னால், பதிவு செய்யப்பட்ட இறக்குமதியாளரிடம் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள்.

வீடு திரும்பும் நாளில்: ஒட்டுத்தாள்களின் ஒரு தொகுதியை, இல்லாவிட்டால் அவற்றின் தெளிவான படத்தைக் கேட்டு வாங்குங்கள். தாளை வெளியேறும் அட்டையோடு வையுங்கள். படத்தைப் பிள்ளைகள் இருவரின் தொலைபேசியிலாவது வையுங்கள்.

அதன்பின்: நோவு இல்லாவிட்டாலும் நிபுணர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்து, முதல் எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய எக்ஸ்ரேயை எறிய வேண்டாம். கவட்டிலோ தொடையிலோ புதிய நோவு, கால் கட்டையாவது போன்ற உணர்வு, கிறீச்சொலி, வீக்கம் என்பன இருந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் காட்டுங்கள். காய்ச்சலோடு மூட்டு நோவு வந்தால் அது தேய்மானமல்ல, கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 2003 தொடக்கம் 2010 வரை இந்தியாவிலோ வெளிநாட்டிலோ மூட்டு மாற்றியவர்கள், தங்களுடையது உலோகத்தில் உலோகம் சுழலும் வகையா என்பதை உறுதி செய்துகொள்வது நல்லது.

இரண்டாவது சத்திரசிகிச்சைக்குப் பின் பெரியம்மாவின் கோப்பில் நான்கு ஒட்டுத்தாள்கள் இருக்கின்றன. அவற்றில் எழுதியிருப்பது அவருக்கு விளங்காது. ஆனால் அடுத்த முறை ஒரு வைத்தியர் கேட்டால் எடுத்துக் கொடுக்க அவரிடம் பதில் உண்டு. உங்கள் வீட்டில் மூட்டு மாற்றியவர் இருந்தால் அவருடைய கோப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அந்தத் தாள் இல்லையென்றால், சத்திரசிகிச்சை நடந்த வைத்தியசாலையிடம் இப்போதே கேளுங்கள். பதிவுகள் இருக்கும்போது கேட்டால்தான் கிடைக்கும்.